வாற்கோதுமை விளையா நாடுகளின் முளைதானியம்

பனம்பாளையிலிருந்து வடியும் நீர், முட்டியிற் சுண்ணாம்பு தடவாவிடின், சில மணி நேரத்துள் நுரைத்துக் கள்ளாகிவிடும் என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நீரில் வெல்லம் ஆயத்தமாய் இருக்கின்றது. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் அதனை உண்டு மதுசாரமாக்குகின்றது. ஆனால் ஒரு கொத்துக் குரக்கனை இடித்து நீரிலிட்டு எத்தனை நாள் காத்திருப்பினும் கள்ளைப் போன்றதொன்று உண்டாவதில்லை, புளிப்பே மிஞ்சும். தானியத்தில் இருப்பது வெல்லமன்று, மாப்பொருள். மாப்பொருளின் நீண்ட சங்கிலியை மதுவம் உடைக்க வல்லதன்று. அதனை உடைத்து வெல்லமாக்கும் வேலையை வேறொன்று முதலிற் செய்தாதல் வேண்டும்.

அவ்வேறொன்றை மனிதர் மூன்றிடங்களிற் கண்டுபிடித்தனர். ஒன்று, மனிதருடைய உமிழ்நீர். தென்னமெரிக்காவின் அந்தெசு மலைநாட்டார் மக்காச்சோளத்தை மென்று உமிழ்ந்து சீச்சா என்னும் மதுவை ஆக்கினர். அதே மதுவை முளைத்த மக்காச்சோளத்திலிருந்தும் ஆக்குவர். மற்றொன்று பூஞ்சணம். யப்பானியர் சோற்றின்மீது ஒரு வகைப் பூஞ்சணத்தை வளர்த்துச் சாக்கே என்னும் மதுவை ஆக்குவதும், நேபாளத்தாரும் சிக்கிமியரும் மார்ச்சா என்னும் உலர்ந்த மாவுருண்டையைத் தூவிக் குரக்கனை நொதிக்கவைப்பதும் இம்முறையினால் ஆகும். மூன்றாவது, தானியத்தையே முளைக்கவைத்து, அம்முளைக்குள் எழும் நொதியங்களைக் கொண்டே அதன் மாப்பொருளைக் கரைப்பது. இவ்வாறு முளைக்கவைத்து உலர்த்திய தானியத்தையே மேனாட்டார் மோல்ட் என்பர். ஈண்டு அதனை முளைதானியம் என்போம். தேநீர்க்கடைகளிற் பாலுடன் கலந்து தரும் மோல்ட் மாவும், பியர் ஆலைகளில் மலைபோற் குவிந்து கிடக்கும் மோல்ட்டும் பொருளளவில் ஒன்றே.

கல்லூரி மலரொன்றிற் பியரைப் பற்றிய கட்டுரையா என வினவுவார் இருத்தல் கூடும். குடியைப் பரிந்துரைப்பது எம் நோக்கமன்று. வித்து முளைக்கும் இரசாயனத்தை உலகில் மிகப் பெரிய அளவிற் பயன்படுத்தும் தொழில் இதுவாகையால், அவ்விரசாயனத்தை அறிய விழைவோர் இத்தொழிலை விட்டு விலகிச் செல்ல இயலாது. மேலும், வாற்கோதுமை விளையாத வெப்பநாடுகள் அதனைக் கடல் கடந்து வருவிப்பதா, தம் வயலில் விளையும் இறுங்கையும் குரக்கனையும் அதனிடத்தில் வைப்பதா என்னும் வினா, பல இலட்சம் உழவரின் வாழ்வைத் தொட்ட வினாவும் ஆகும்.

முதலில், வாற்கோதுமைக்கு, அதாவது பார்லிக்கு, இத்துணைச் சிறப்பு எவ்வாறு வந்தது என்பதை நோக்குவோம். ஊறிய வாற்கோதுமை மணியின் முளையம் விழித்தெழுந்து கிபரெலின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. மாப்பொருட் களஞ்சியத்தைப் போர்த்திருக்கும் அலூரோன் என்னும் மெல்லிய படைக்கு அவ்வோமோன் சென்று சேர்ந்ததும், அப்படையின் கலங்கள் அல்பா அமைலேசு முதலிய நொதியங்களை ஆக்கி உள்ளே விடுகின்றன. அல்பா அமைலேசு மாப்பொருட் சங்கிலியைக் கண்டவிடத்தில் வெட்டும். பீற்றா அமைலேசு என்னும் இன்னொரு நொதியம் சங்கிலியின் நுனியிலிருந்து இவ்விரண்டு கண்ணியாகக் கடித்து மோல்ற்றோசு என்னும் வெல்லத்தை விடுவிக்கும். முன்னது மரத்தைத் துண்டு போடுபவனையும், பின்னது அத்துண்டுகளை நுனியிலிருந்து ஒரே அளவாய்ச் சீவுபவனையும் ஒக்கும். இருவரும் வேண்டும். வாற்கோதுமையிற் பீற்றா அமைலேசு முளைப்பதற்கு முன்னரே நிறைய இருக்கின்றது. முளைக்கும்போது கட்டவிழ்வதே எஞ்சியது.

முளை எழுந்த நாலைந்து நாளில், வேரும் தளிரும் மாப்பொருளை உண்டு தீர்க்குமுன், மணியைச் சூட்டில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துவர். பின்னர் அதனை உடைத்து வெந்நீரிற் கரைத்து ஏறத்தாழ 65 பாகை சதமவளவையில் வைப்பர். அவ்வெப்பத்தில் வாற்கோதுமையின் மாப்பொருள் கூழாகி இளகும். கூழான மாவையே நொதியங்கள் எளிதில் உடைக்கும். இரு நொதியங்களும் அவ்வெப்பத்தில் உயிர்ப்புடன் இருக்கும். மாப்பொருள் திறக்கும் வேளையும் நொதியம் தொழில் புரியும் வேளையும் இவ்வாறு ஒன்றாய் அமைந்தது பெரும் பேறு. கரைந்த இனிய சாற்றை வடிக்கும்போது, வாற்கோதுமையின் உமி தொட்டியின் அடியிற் படிந்து தானே வடிதட்டாகின்றது. பிரித்தெடுத்த சாற்றை ஹொப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவத்தைச் சேர்த்தல் எஞ்சிய வேலையாகும்.

இப்பொருத்தங்களோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. 1516ஆம் ஆண்டு பவேரியாவின் கோமக்கள் இங்கோல்ஸ்ராட் நகரிற் பிறப்பித்த ஆணை, பியருக்கு வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றன்றிப் பிறிதொன்றும் சேர்க்கலாகாது என விதித்தது. கோதுமையையும் உரோகத்தையும் அப்பஞ் சுடுவோர்க்கு விட்டுவைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று என்பர். கோதுமைப் பியர் ஆக்கும் உரிமையைப் பின்னர் அரச குலத்தாரே தமக்கென வைத்துக்கொண்டமை வேறு கதை. எவ்வாறாயினும், பியர் என்றால் வாற்கோதுமையே என்னும் எண்ணம் ஐரோப்பியரின் கப்பல்களோடு உலகமெங்கும் சென்றது. குளிர்நாட்டுப் பயிரான வாற்கோதுமையோ அவர்கள் சென்ற இடமெல்லாம் விளையவில்லை.

இனி இறுங்குக்கு வருவோம். பெயர்க் குழப்பத்தை முதலிலேயே நீக்கிக்கொள்ளல் நன்று. தமிழகத்தார் சோளம் என்று வழங்குவது நாம் இறுங்கு என்னும் தானியத்தை. நாம் சோளம் என்பதோ அவர்களுக்கு மக்காச்சோளம். அவர்களுடைய கேழ்வரகு நமக்குக் குரக்கன். இறுங்கு, குரக்கன் ஆகிய இரண்டிற்கும் தாயகம் ஆபிரிக்கா. குரக்கன் எதியோப்பியா, உகண்டா ஆகிய நாடுகளின் மேட்டுநிலங்களிற் பயிராக்கப்பட்டுப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாரதத்தை அடைந்தது. கீழை உகண்டாவின் தெசோ மக்கள் குரக்கன் மதுவைப் பானையிலிட்டு வெந்நீர் ஊற்றி நீண்ட குழல்களாற் சூழ்ந்திருந்து உறிஞ்சுவர். இமயத்தின் அடிவாரத்து லிம்பு மக்களும் அதே தானியத்தில் ஆக்கிய மதுவை மரக்குடுவையிலிட்டு வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுவர். ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தார் ஒரே தானியத்திற்கு ஒரே வழக்கத்தைக் கண்டமை வியப்பிற்குரியது. எனினும் முன்னவர் முளையையும் பின்னவர் பூஞ்சணத்தையும் பயன்படுத்துகின்றனர்.

இறுங்கை வாற்கோதுமையின் இடத்தில் வைப்பவர் எதிர்கொள்ளும் முதலிடர் வெப்பத்தைப் பற்றியது. இறுங்கின் மாப்பொருள் கூழாவதற்கு ஏறத்தாழ 70 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். அவ்வெப்பத்திற் பீற்றா அமைலேசு விரைவில் அழிந்துபடும். வெப்பத்தைக் குறைத்தால் நொதியம் உயிரோடு இருக்கும், ஆனால் உண்பதற்கு மா இளகியிராது; கூட்டினால் மா இளகும், ஆனால் உண்பவன் இறந்துவிடுவான். போதாக்குறைக்கு, முளைக்காத இறுங்கிற் பீற்றா அமைலேசு அநேகமாக இல்லையெனலாம். முளைத்தபின் தோன்றுவதும் வாற்கோதுமையில் உள்ளதினும் மிகக் குறைவு. இரண்டாம் இடர், இறுங்கு போரடிக்கும்போதே உமி நீங்கிவிடும் தானியம். எனவே வடிதட்டு இல்லை, சாறு இழிந்து வராது. இவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டின் பியர் ஆலைப் பொறியியலாளரைப் பெரிதும் வருத்திய இடர்கள்.

இவ்விரண்டிற்கும் விடை, புர்க்கினா பாசோவின் கிராமத்துப் பெண்களிடம் அதற்கு முன்னரே இருந்தது. அங்கே சிவப்பு இறுங்கிலிருந்து ஆக்கப்படும் மதுவுக்கு டோலோ என்று பெயர். இதனை ஆக்குவதும் விற்பதும் பெண்களின் தொழில். இறுங்கை ஓரிரவு ஊறவைத்து, நிழலிற் பரப்பி, இலைகளாலோ சாக்காலோ மூடி, இரண்டு மூன்று நாள் முளைக்கவிட்டு, வெயிலில் உலர்த்தி மாவாக்குவர். அம்மாவை நீரிற் கரைத்துச் சிறிது நேரம் தெளியவிட்டால், மா அடியிற் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அத்தெளிநீரை இறுத்துத் தனியே வைத்துவிட்டு, அடியிற் படிந்த மாவை மாத்திரம் நன்றாகக் கொதிக்கவைப்பர். கொதித்த கூழ் சற்றே ஆறியபின் தெளிநீரை அதனோடு சேர்ப்பர். அவ்வளவில் அதன் தடிப்பு இளகி இனிப்பு ஏறும்.

இதில் நிகழ்ந்தது யாதெனின், நீரிற் கரையும் இயல்புடைய நொதியங்கள் தெளிநீரோடு வெளியே எடுத்துப் பாதுகாக்கப்பட்டன. மாப்பொருள் தனியே கொதிக்கவைக்கப்பட்டுக் கூழாயிற்று. பின்னர் இரண்டும் நொதியத்திற்கு ஏற்ற வெப்பத்தில் ஒன்று சேர்ந்தன. நொதியம் என்னும் சொல்லை அறியாமலே நொதியத்தை நெருப்பிலிருந்து காத்தனர். பின்னாளில் ஆய்வுகூடங்களில் இறுங்குச் சாற்றை ஆராய்ந்தோர், தெளித்து இறுத்துப் பிசையும் முறை என்று இதனையே கையாண்டனர். உமி இல்லாத குறைக்கும் அப்பெண்கள் வழி கண்டனர். வெண்டியின் தண்டையோ ஒரு வகைக் காட்டுச் செடியின் பட்டையையோ நசுக்கி நீரிலிட்டால் வழுவழுப்பான பசை உண்டாகும். அதனைக் கரைசலிற் கலந்தால் மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படியும். வெண்டிக்காயை அரிந்த கையின் வழுவழுப்பை அறியாதார் நம்முள் இல்லை; அதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

இறுங்கிற்குரிய வேறிரண்டு இயல்புகளையும் இங்கே சொல்லுதல் வேண்டும். முளைத்த இறுங்கின் வேரிலும் தளிரிலும் துரின் என்னும் பொருள் பெருகும்; அது சிதையும்போது ஐதரோசயனிக்கமிலம் வெளிப்படும். மரவள்ளியில் நாம் அஞ்சும் நஞ்சு இதுவே. இளம் இறுங்குப் பயிரை மேய்ந்த மாடு வீழ்வதும் இதனாலேயே. ஆதலால் உலர்ந்த முளைதானியத்தைத் தேய்த்து வேரையும் தளிரையும் நீக்கியே உணவிற் சேர்த்தல் வேண்டும். உலர்த்தலும் கொதிக்கவைத்தலும் எஞ்சியதைப் போக்கும். மற்றொன்று தனின் என்னும் துவர்ப்பொருள். கீழை, தென் ஆபிரிக்காவிற் கியூலியா என்னும் சிறு குருவி இலட்சக்கணக்கிற் கூட்டமாக வந்து வெள்ளை இறுங்கு வயல்களை ஒரே நாளில் வெறுமையாக்கிவிடும். துவர்ப்பு மிக்க சிவப்பு இனங்களை அது அத்துணை விரும்புவதில்லை. உழவன் துவர்ப்பினத்தை நாடுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் குருவியை விரட்டும் அதே தனின், அமைலேசையும் பற்றி முடக்கிவிடுகின்றது. தென்னாபிரிக்க ஆலைகள் துவர்ப்பினத்தை மிக ஐதான போமல்டிகைட்டுக் கரைசலில் ஊறவைத்துத் தனினை அடக்கின. சோடியமைதரொட்சைட்டின் ஐதான கரைசலும் அவ்வேலையைச் செய்யும் எனப் பின்னர் கண்டனர்.

தென்னாபிரிக்காவைக் குறிப்பிட்டதனால் அங்கே நிகழ்ந்ததையும் சற்று விரித்தல் தகும். இறுங்கு முளைதானியத்தை விஞ்ஞான முறையில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்த நாடு அது. நொவெல்லி என்னும் ஆய்வாளர் 1950களின் பிற்பகுதி தொடங்கி வெளியிட்ட கட்டுரைகளே இத்துறைக்கு அடிப்படையாயின. வாற்கோதுமை முளைப்பதற்கு 15 பாகையளவு குளிர்ச்சி ஏற்றதாக, இறுங்குக்கு 25 முதல் 30 பாகை வெப்பம் வேண்டும் என்பதும், பீற்றா அமைலேசின் குறைவும் அக்காலத்தே தெளிவாயின. அங்கு ஆக்கப்பட்டது ஐரோப்பியப் பியரைப் போன்ற தெளிந்த பானமன்று. இலற்றிக்கமிலப் புளிப்பேறிய, கூழ் போன்று கலங்கிய, மதுசாரம் நூற்றுக்கு மூன்றளவே கொண்ட பானம். அது பொதிக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருக்குமாதலால், காற்றுப் போகத் துளையிட்ட பொதிகளில் விற்கப்பட்டது. சில நாளுக்குமேல் நில்லாது.

இவ்வாய்வு எத்தகைய மண்ணில் எழுந்தது என்பதை மறைத்துக் கூறலாகாது. 1908ஆம் ஆண்டின் நேற்றால் மாகாணச் சட்டத்தின்கீழ், டேர்பன் நகரசபை 1909 முதல் ஆபிரிக்கர்க்கு இறுங்குப் பியரை விற்கும் உரிமையைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. வீட்டிற் பெண்கள் ஆக்குவது குற்றமாயிற்று. சபையின் பியர் மண்டபங்கள் ஈட்டிய வருவாய், ஆபிரிக்கரை ஒதுக்கி ஆளும் நிருவாகத்திற்கே செலவாயிற்று. தம்மை அடக்கும் செலவைத் தாமே குடித்துக் கொடுக்கவேண்டிய நிலை. 1929இலும், கேற்றோ மேனர் என்னுமிடத்தில் 1959இலும் பெண்கள் கையில் தடியேந்திப் பியர் மண்டபங்களை எதிர்த்தனர். 1976இற் சொவெற்றோ மாணவர் எழுச்சியிலும் அம்மண்டபங்கள் தீக்கிரையாயின. பெண்களின் கைத்தொழிலாய் இருந்த ஒன்று ஆலைக்கு மாறும்போது, அத்தொழிலின் பயன் யாரிடத்துச் செல்கின்றது என்னும் வினா இவ்வரலாற்றைக் கற்போர்க்குத் தவிர்க்கவொண்ணாதது.

அவ்வினாவே வேறு வடிவில் நைசீரியாவில் எழுந்தது. எண்ணெய் வருவாய் பெருகிய காலத்தில் அந்நாட்டிற் பியர் ஆலைகள் பல தோன்றின. யாவும் இறக்குமதி செய்த வாற்கோதுமை மோல்ட்டை நம்பியவை. 1980களில் எண்ணெய் விலை வீழ்ந்து அந்நியச் செலாவணி அருகியது. அரசாங்கம் வாற்கோதுமை மோல்ட்டின் இறக்குமதியைத் தடைசெய்தது. 1988 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. நாட்டின் வடபகுதியில் இறுங்கு தாராளமாய் விளைகின்றது. அங்கே பிற்றோ, புருகுத்து என்னும் இறுங்கு மதுக்களைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஆக்கி வந்துள்ளனர். ஓசோடியில் உள்ள கூட்டரசுக் கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் இறுங்கு மோல்ட்டில் ஆய்வுகள் நடத்தியிருந்தது. சாரியா நகரின் சமாரு ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய, எசு.கே. 5912 என்னும் குட்டையினம் முளைகட்டுவதற்கு ஏற்றது எனப் பெயர் பெற்றது. எனவே இறுங்கு மோல்ட் ஆலைகள் நாடெங்கும் எழும் என எதிர்பார்க்கப்பட்டது.

நிகழ்ந்தது பெரும்பாலும் வேறு. ஆலைகள் பல, இறுங்கை முளைக்கவைக்காமலே, பச்சை மாவாகப் பயன்படுத்தத் தலைப்பட்டன. மாப்பொருளை உடைக்கும் நொதியங்களை ஐரோப்பியத் தொழிற்சாலைகளிலிருந்து வாங்கிச் சேர்த்தன. அந்நொதியங்கள் பற்றீரியாவிலும் பூஞ்சணத்திலும் வளர்க்கப்பட்டவை. அவற்றுட் சில கொதிநிலைக்கு அண்மையான வெப்பத்தையும் தாங்கும். ஆகவே முன்னர் கூறிய வெப்ப இடர் ஒரே அடியில் ஒழிந்தது. உமியில்லாக் குறைக்குத் துணித்தட்டுகள் பொருத்திய அழுத்த வடிப்பிகள் வந்தன. ஆலை உரிமையாளரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வெப்பநாட்டில் இறுங்கை முளைக்கவைக்கும்போது, வேரும் தளிரும் தின்றுவிடும் இழப்பு வாற்கோதுமையில் உள்ளதன் இருமடங்குக்கும் மேலாகலாம். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்திற் பூஞ்சணம் பற்றி அதன் நஞ்சு தானியத்தில் ஏறும் அச்சமும் உண்டு. முளைக்காத இறுங்கில் இவ்விழப்பு இல்லை.

ஆயினும் நாட்டின் கணக்கு ஆலையின் கணக்கன்று. வாற்கோதுமைக்கு வெளியே சென்ற பணத்தில் ஒரு பகுதி நொதியத்திற்கு வெளியே செல்லத் தொடங்கியது. தானியத்தை வெல்லமாக்கும் திறமை, அதாவது முளையின் உள்ளே இயற்கை இலவசமாக வைத்திருக்கும் அத்திறமை, உறையிலிட்டுக் கடல் கடந்து விலைக்கு வந்தது. உழவனிடம் வாங்கப்பட்டது மாப்பொருள் மாத்திரமே. முளைக்கும் திறன் குன்றாது தானியத்தைக் காத்துத் தருபவனுக்குரிய உயர்ந்த விலையும், முளைகட்டும் தொழிலாற் கிராமங்களிற் கிடைத்திருக்கக்கூடிய வேலையும் கைக்கு எட்டவில்லை. எம் கருத்தில், நைசீரியாவின் தடை வாற்கோதுமையை வெளியேற்றுவதில் வெற்றி கண்டது. மோல்ட்டை உள்நாட்டிற் பிறப்பிப்பதில் அரைகுறை வெற்றியே கண்டது. எனினும் அவ்வெற்றியைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை. தொண்ணூறுகளின் இறுதியிலே தடை நீங்கிய பின்னரும் ஆலைகள் இறுங்கைக் கைவிடவில்லை. அயர்லாந்துக்காரருடைய புகழ்பெற்ற கரும்பியரான கின்னசும் நைசீரியாவில் இறுங்கில் ஆக்கப்படுகின்றது. அதன் நிறமும் மணமும் மாறாதிருத்தற்பொருட்டு வாற்கோதுமையின் செறிந்த சாறு மாத்திரம் சேர்க்கப்படுகின்றது. மதுவருந்தாத இசுலாமியரும் சிறுவரும் விரும்பும், மதுசாரமற்ற இனிய மோல்ட் பானங்களும் அந்நாட்டில் ஏராளம்.

கீழை ஆபிரிக்காவில் மாற்றத்தை உண்டாக்கியது இறக்குமதித் தடையன்று, வரி. உகண்டாவில் 2002ஆம் ஆண்டு ஈகிள் என்னும் பியர், எபுரிபுர் என்னும் துவர்ப்புக் குறைந்த வெள்ளை இறுங்கில் ஆக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது; உள்நாட்டுத் தானியத்தைப் பயன்படுத்தியமைக்காக அரசு மதுவரியைக் குறைத்தது. கென்யாவில் 2000ஆம் ஆண்டு, மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தால் நைரோபியின் சேரிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏழைகளை அந்நஞ்சிலிருந்து விலக்கும் மலிவான பானமாக 2004இற் செனற்றர் என்னும் பியர் வரிச்சலுகையுடன் அறிமுகமாயிற்று. பின்னர் அதற்கு இறுங்கு பயன்படலாயிற்று. வறண்ட கீழ்மாவட்டங்களில் மக்காச்சோளம் பொய்க்கும் நிலங்களிற் கடம் என்னும் இறுங்கினத்தைப் பயிரிட்டோர்க்கு நிச்சயமான கொள்வனவாளர் கிடைத்தனர். 2013இல் அரசு சலுகையை அரைவாசியாகக் குறைத்ததும் விற்பனை சரிந்தது. ஆலை கொள்வனவைச் சுருக்கியது. அறுவடை செய்த இறுங்கு உழவரின் வீட்டிலேயே தங்கிற்று. 2015இற் சலுகை பெரும்பாலும் மீட்கப்பட்டது. ஒரே ஒரு கொள்வனவாளரை நம்பிய பயிர், வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியில் வாழவும் மாளவும் நேர்ந்ததற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

செல்வ நாடுகளில் இத்தானியங்களை நாடியோர்க்குக் காரணம் வேறு. கோதுமை, வாற்கோதுமை, உரோகம் ஆகியவற்றின் புரதம் நூற்றுக்கு ஒருவரளவில் மக்களின் சிறுகுடலைப் புண்படுத்தும். சீலியாக்கு நோய் எனப்படும் இதற்கு அப்புரதத்தை முற்றாக விலக்குதலே மருந்து. அத்தகையோர்க்காக 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய ஆலையொன்று ரெட்பிரிட்ஜ் என்னும் இறுங்குப் பியரை வெளியிட்டது. அதன்பின் அந்நாட்டின் சிற்றாலைக்காரர் சிறுதானியம், நெல், கறுவல் ஆகியவற்றை முளைக்கவைத்து வெவ்வேறு சூட்டில் வறுத்து, வாற்கோதுமையில் உள்ளது போன்ற நிறமும் சுவையும் கொண்ட பல தர மோல்ட்டுகளை ஆக்கத் தொடங்கினர். ஆபிரிக்கப் பெண்கள் மண்பானையிற் செய்ததை இவர்கள் துருப்பிடியா உருக்குத் தொட்டியிற் செய்கின்றனர். வெப்ப இடரும் வடிதட்டிடரும் அங்கும் அவைதாம்.

குரக்கனைப் பற்றிக் கூறவேண்டியது எஞ்சியுள்ளது. சிறுதானியங்களுள் முளைகட்டுவதற்கு மிக ஏற்றது குரக்கன் என்பது பலரும் கண்ட உண்மை. சிம்பாப்வேயில் மரபுவழி மதுவுக்கு ஏனைய முளைதானியங்களினும் குரக்கனையே மேலாக மதிப்பர். அதன் நொதியம் வலிது, மணம் இனிது, முளைக்கும்போது பூஞ்சணம் பற்றுவதும் ஒப்பளவிற் குறைவு. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மல்லேசியும் தேசிகாச்சாரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இவ்வியல்பை மதுவுக்கன்றிக் குழந்தைகளின் உணவுக்குப் பயன்படுத்தியது. முளைகட்டிய குரக்கனும் பாசிப்பயறும் சேர்ந்த மா அது.

அதன் நயம் இதுவாகும். பால்குடி மறக்கும் பருவத்துக் குழந்தைக்குக் குரக்கன் கஞ்சி ஊட்டும் தாய், பத்துப் பங்கு கஞ்சியில் ஒரு பங்குக்கு மேல் மா சேர்த்தால் அது இறுகிக் களியாகிவிடுகின்றது, குழந்தை விழுங்காது. ஆகவே நீரைக் கூட்டுகின்றாள். வயிறு நிறைகின்றது, உடல் தேறுவதில்லை. குழந்தையின் சிறிய இரைப்பைக்குள் நீரே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. முளைகட்டிய மாவிலோ அமைலேசு மாப்பொருளை முன்னரே வெட்டத் தொடங்கியிருக்கும். காய்ச்சும்போது சூடேறுந்தோறும் மேலும் வெட்டும். கஞ்சி இளகி ஓடும். அதே கிண்ணத்தில் இருமடங்கு மாவைக் கரைத்து ஊட்டலாம். கெட்டியாகக் காய்ச்சிய சாதாரணக் கஞ்சி இளஞ்சூடாயிருக்கையில் ஒரு தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கலக்கினால், சில நிமிடத்துள் அது இளகுவதை எந்த அடுக்களையிலும் கண்ணாரக் காணலாம். பியர் ஆலையின் பெருந்தொட்டியில் நிகழ்வதும் இதுவே.

இதனை வீட்டிற் செய்ய விரும்புவோர், குரக்கனைக் கல் நீக்கிக் கழுவி ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத் துணியிற் கட்டி இரண்டு நாள் வைத்தல் வேண்டும். துணி உலராதவாறு இடையிடையே நீர் தெளித்தல் அவசியம். முளை தோன்றியதும் மெல்லியதாய்ப் பரப்பி ஒரே நாள் வெயிலில் நன்றாக உலர்த்தி, கையாற் கசக்கி வேரைப் புடைத்து நீக்கி, வாசனை எழுமளவிற்கு மெல்லிய சூட்டில் வறுத்து அரைத்துக்கொள்ளலாம். கருக வறுத்தால் நொதியம் மடிந்து, முளைமா வெறும் மாவாகிவிடும். கஞ்சியிற் சேர்த்தபின் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்தே குழந்தைக்கு ஊட்டுதல் வேண்டும். முளைகட்டிய துணியிற் பூஞ்சண மணம் எழுமாயின், தானியம் எவ்வளவு அருமையானதாயினும் அதனை எறிந்துவிடல் வேண்டும்.